இறாலுக்கு வலிக்காத இடம்

கேட்டான் என்று சொல்ல முடியாது, செல்வம் அப்படிக் கேட்கவில்லை, சொன்னான், அவ்வளவுதான், 'இன்னொரு ஆளு வந்தா என்னை விட்டுருவாங்களாம்ப்பா' என்றுதான் சொன்னான், ஆளைக் கொண்டு வா என்று ஒரு வார்த்தை சொன்னானா, இல்லையே... சபாபதி இந்த வாக்கியத்தைப் போன வாரம் முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டார், கன்டெய்னர் லோரி ஓட்டும்போது, துறைமுக கேட்டில் வரிசையில் நிற்கும்போது, சோற்றுத் தட்டின் முன்னால், இப்போது தஞ்சோங் ஹாராப்பான் துறைமேடையில் கம்பியோரமாக பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதும் அதேதான். மகன் தாய்லாந்து எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு முள்கம்பி வேலிக்குள் அடைபட்டுக் கிடக்கிறான், இன்று சாயங்காலம் மறுபடி கூப்பிடுவான், கூப்பிட்டால் ஒரு பெயர் சொல்ல வேண்டும். பெயர் இல்லாமலா இருக்கிறது, இருக்கிறது, ஒன்றே ஒன்று இருக்கிறது, அது நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது, சேற்று நிறத்தில் வந்து தூண்களில் மோதியது, எதிரே ஒரு கப்பல் பெட்டிகளை அடுக்கடுக்காகச் சுமந்துகொண்டு நகர்வதே தெரியாமல் நகர்ந்தது. ஹாராப்பான் என்றால் மலாயில் நம்பிக்கை, பெயர் வைத்த புண்ணியவான் ஒரு நாள் இங்கே வந்து தூண்டில் போட்டிருக்க வேண்டும்.

வாளிக்குள் பம்பு குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு, அது நின்றால் இறால் எல்லாம் கொஞ்ச நேரத்தில் மல்லாந்துவிடும், அதனால் அவர் காது எப்போதும் பாதி அதன் மேலேயே இருந்தது. கையை நனைத்துக்கொண்டு ஒன்றைப் பிடித்தார், காய்ந்த கையால் தொட்டால் துள்ளி விழுந்துவிடும், முதுகுப் பக்கமாக இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும், அதுதான் அதற்கு உயிர் இருக்கும் இடம், கொக்கி அதைத் தொடக்கூடாது, கண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புக்கு அடியில், புள்ளிக்கு முன்னால், வெறும் ஓடு மட்டும் இருக்கிற இடத்தில் குத்த வேண்டும். புள்ளியில் பட்டால் போச்சு, பால் மாதிரி வெளுத்துவிடும், செத்த இறாலுக்குக் கெளுத்திதான் வரும். சியாக்காப் என்கிற கொடுவா மீனுக்கு உயிருள்ளது வேண்டும், தண்ணீருக்குள் உதைக்க வேண்டும், ஓடிவிடலாம் என்று அது நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஓடவும் கூடாது. இதைத்தான் அவர் இரண்டு பையன்களுக்கும் இதே மேடையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார், செல்வத்துக்குக் கடைசி வரை வரவில்லை, அவசரக் கை, குத்திய இறாலெல்லாம் செத்தது. தங்கை மகன் லோகனுக்கு முதல் தடவையே வந்துவிட்டது, வலிக்காதா மாமா என்று கேட்டான், அந்த இடத்துல வலிக்காதுடா என்று சொன்னார். வலிக்காது என்று அவருக்கு யார் சொன்னது, இறாலா வந்து சொன்னது... வீசினார், ஈயக்குண்டு தொப்பென்று விழுந்தது.

லோகனை நினைத்துவிட்டார். நினைக்கக்கூடாது என்று வைத்திருந்த பெயர் அதுதான், எவ்வளவு சுலபமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது பார், இறால் வழியாக வந்துவிட்டது. சரி, வேறு எதையாவது நினைக்கலாம்... செல்வம் கிளம்பிய நாளை. ஏர்போர்ட்டில் மனைவி உஷாராணி அழுதாள், இவர்தான் அதட்டினார், பெங்காக் அடுத்த தெரு மாதிரிதான், ரெண்டு மணி நேரம், எதுக்கு அழுவுற. ஜீவா கூப்பிட்டிருந்தான், செல்வத்தோடு ஒரே பள்ளியில் படித்தவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளரோடு பேசும் வேலை, தங்க இடம், சாப்பாடு, கரும்பு தின்னக் கூலியா என்று பையன் பறந்தான். இவருக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன், நம் வீட்டில் ஒருவன் ஸ்டீயரிங் பிடிக்காமல் பிழைக்கப் போகிறான் என்று ஒரு கர்வம்கூட இருந்தது. முதல் இரண்டு மாதம் வாராவாரம் கூப்பிட்டான், நல்லா இருக்கேன்ப்பா, வேலை ஈசிப்பா, அம்மாவை நல்லா பாத்துக்கோங்கப்பா... குரலில் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தது, நடுநடுவே மட்டும் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கும், அவன் அல்லாத ஒருவரின் மூச்சு கேட்கும். அப்புறம் ஒரு நாள் கக்கூசுக்குள்ளிருந்து கூப்பிட்டான், குழாயைத் திறந்துவிட்டுப் பேசினான், அப்போதுதான் எல்லாம் தெரிந்தது, பெங்காக்கில் இறங்கியதும் வேனில் ஏற்றி இரவோடு இரவாக ஆற்றுக்கு அப்பால் கடத்தியது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கியது, பொம்பளைப் பெயரில் கிழவர்களுக்கு மெசேஜ் அனுப்பி ஏமாற்றுவதுதான் வேலை என்பது, ஏமாறுகிறவன் கிடைக்காத நாளில் அடி, வலது கையைத் தூக்க முடியவில்லை என்பது. அதுவரைக்கும் பேசினப்பல்லாம் பின்னாடி ஒருத்தன் நின்னான்ப்பா, அவன் சொல்றதைத்தான் நான் சொன்னேன்... இதைக் கேட்டபோது சபாபதி லோரிக்குள் உட்கார்ந்திருந்தார், பின்னால் ஹார்ன் அடித்தார்கள், கியர் எது என்று ஒரு நிமிஷம் மறந்துபோனது.

அன்றைக்கே போலீசுக்குப் போயிருக்கலாம். போனார், வாசல் வரை போனார். ரிப்போர்ட் கொடுத்தது அங்கே தெரிந்தால் அடி கூடும் என்று செல்வம் சொல்லியிருந்தான், அது ஒன்று, ஆனால் அது மட்டும்தானா, இந்தக் கடலுக்கு முன்னால் உட்கார்ந்தாவது உண்மையைச் சொல்லலாமே... பேப்பரில் போட்டோ வரும், தலையில் அடித்துக்கொள்கிற அம்மா, குனிந்த தலையோடு அப்பா, கிள்ளான் முழுக்கப் பார்க்கும், நம்ம மூஞ்சி அப்படி வரணுமாங்க என்று உஷாராணி கேட்டாள், வேண்டாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. அதற்குள் அவள் வேறு ஒரு வேலை செய்துவிட்டிருந்தாள், தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தம், மண்டபத்தில் எல்லாரும் செல்வம் எப்படி இருக்கான் என்று கேட்க, மேனேஜராயிட்டான், ஆபிசே அவன் கையிலதான், இன்னும் ஆள் வேணும்னு தேடிக்கிட்டு இருக்கான் என்று சொல்லிவிட்டாள். அந்தக் கடைசி வார்த்தையை ஏன் சேர்த்தாள், யார் கேட்டார்கள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் மேலே ஒரு பிடி சோறு கூடவே போடத்தான் செய்வாள். பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த இவர் என்ன செய்தார், ஆமாம் என்று தலையாட்டினார். எதிர் வரிசையில் தங்கை தனலெட்சுமி இருந்தாள், மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து கால் வீங்கிப்போனவள், அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, பக்கத்தில் இருந்த தன் மகனின் தொடையைத் தட்டினாள். அதையும் இவர் பார்த்தார்.

ஜீவாவை விட்டுவிட்டார்கள் என்று செல்வம் சொல்லியிருந்தான், என்னைக் கொண்டு வந்ததால அவனை விட்டுட்டாங்கப்பா, ஊருக்குப் போயிட்டான்ப்பா. அதைக் கேட்டு இவருக்குக் கோபம் வரவில்லை, கேவலம், ஒரு நிம்மதி வந்தது, அப்படியென்றால் கணக்கு சரியாக நடக்கிறது, ஒருத்தன் உள்ளே போனால் ஒருத்தன் வெளியே வருகிறான்... மறுநாளே லிட்டில் இந்தியாவுக்குப் போனார், ஜீவாவின் அம்மா தெங்கு கிளானா சாலையோரம் வடை போடுகிறவள், இரண்டு வடை வாங்கி நின்றுகொண்டே தின்றபடி, ஜீவா வந்திருக்கானாமே என்று சும்மா கேட்பது போலக் கேட்டார். அவள் கரண்டியை எண்ணெய்க்குள் விட்டபடியே சிரித்தாள். "வரலண்ணே, அங்கதான் இருக்கான். மேனேஜராயிட்டான்ல, ஆபிசே அவன் கையிலதான். உங்க செல்வம் சொல்லலியா?" அதே வார்த்தை, அதே சிரிப்பு, உஷாராணியின் உதட்டிலிருந்து அப்படியே பிய்த்து ஒட்டிய மாதிரி, கண் மட்டும் வடையைவிட்டு மேலே வரவில்லை. அவர் என்ன சொன்னார், ஆமாக்கா, சொன்னான், நல்லா இருக்காங்கன்னு சொன்னான் என்றார், இருவரும் ஒருவருக்கொருவர் நல்ல சேதி சொல்லிக்கொண்டார்கள், அவள் வடைக்குக் காசு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாள். ஆக, ஜீவா வரவில்லை. யாரும் வரவில்லை. உள்ளே போகிற வழி மட்டும்தான் இருக்கிறது, இது தெரிந்த பிறகும் போன வாரம் முழுக்க எதைப் புரட்டிக்கொண்டிருந்தீர் சபாபதி, இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பார்கள், சரி, இறாலைப் போட்டு முதல் இறாலை மீட்டவன் உண்டா?

நூல் லேசாக இழுபட்டது. எழுந்தார், விரலை நூலில் வைத்தார், பதுங்கிக் கடிக்கிறது, கொடுவா அப்படிக் கடிக்காது, அது வந்தால் ஒரே அடி, இது மென்று மென்று... தூக்கினார், கெளுத்தி, இங்கே டூரி என்பார்கள். முள்ளை விரித்துக்கொண்டு கர்கர் என்று சத்தம் போட்டது. பக்கத்துத் தூணருகே தூண்டில் போட்டிருந்த சீனக் கிழவர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "டூரி மட்டும்தான் பாஸ் இன்னைக்கி," என்று சிரித்துவிட்டுத் தன் நூலைப் பார்த்துக்கொண்டார். முள் குத்தாமல் பிடித்துக் கழற்றித் தண்ணீரில் விட்டார். கொக்கியில் இறாலின் தலை மட்டும் இருந்தது, கொம்பும், கொம்புக்கு அடியில் தான் குத்திய இடமும் அப்படியே ஒழுங்காக இருந்தன, உடம்பைத்தான் காணோம். வெயில் சாய ஆரம்பித்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவான், சாப்பாட்டு இடைவேளையில் விடுவார்கள், கூப்பிட்டு என்னப்பா ஆச்சு என்பான். யாரும் கிடைக்கலப்பா என்று சொல்லலாம். சொன்னால் என்ன செய்வான், அழமாட்டான், சரிப்பா என்பான், அந்தச் சரிப்பாவைக் கேட்க அவரால் முடியாது, வேறு எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

காலையில் உஷாராணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். இவர் வாளியை எடுத்து வைக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டே, "தனம் மகன் வேலை தேடிக்கிட்டே இருக்கானாம்ல," என்றாள். அவ்வளவுதான். அவள் திரும்பவில்லை, அரிசித் தண்ணீரை மறுபடி கொட்டினாள், மறுபடி களைந்தாள், அரிசி வெளுத்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. பெற்ற வயிறு, அவளைக் குறை சொல்லி என்ன, ஆனால் இவர் தாய்மாமன் அல்லவா... பத்துமலை அடிவாரத்தில் லோகனுக்குக் காது குத்தினார்கள், தகப்பன் அப்போதே இல்லை, மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துக் குத்துவதுதானே முறை, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சீர்த்தட்டோடு போனார், பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தலையை அசையாமல் அழுத்திக்கொண்டார், ஆடினால் தப்பான இடத்தில் பட்டுவிடும் என்று ஆசாரி சொன்னார். குத்தியவர் ஆசாரி. ஆனால் பிள்ளை வீறிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தது இவர் முகத்தைத்தான், நீயா என்று கேட்பது போல ஒரு பார்வை, அப்புறம் அழுதுகொண்டே இவர் கழுத்தையே கட்டிக்கொண்டது, வலித்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள அதற்கு வேறு யார் இருந்தார்கள். வேண்டாம். இது வேண்டாம். யாரும் இல்லை என்று செல்வத்திடம் சொல்லிவிடலாம், முடிந்தது, போலீசுக்குப் போகலாம், பேப்பரில் வந்தால் வரட்டும், மூஞ்சிதானே... புது இறால் ஒன்றைப் பிடிக்க வாளிக்குள் கையை விட்டார்.

"மாமா! ஏதாச்சும் மாட்டுச்சா?"

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, சாப்பாடு டெலிவரி செய்கிற ஜாக்கெட்டோடு லோகன் மேடை மேல் நடந்து வந்துகொண்டிருந்தான். இவர் கூப்பிடவில்லை. சத்தியமாகக் கூப்பிடவில்லை. மேருவிலிருந்து இவ்வளவு தூரம் எதற்கு வந்தான், யார் சொன்னது இவர் இங்கே இருப்பார் என்று... "அத்தைதான் போன் போட்டாங்க மாமா, மாமா தஞ்சோங்லதான் இருக்காரு, நேரா போயி பேசுன்னாங்க. மச்சான் ஆபிஸ்ல ஆள் எடுக்குறாங்களாம்ல?" வெயிலில் கறுத்த முகம், காதில் அந்தத் துளை, கடுக்கன் எப்போதோ கழற்றியாகிவிட்டது, துளை மட்டும் தூர்ந்து ஒரு புள்ளியாக இருந்தது. அப்படியென்றால் உஷாராணி காத்திருக்கவில்லை, இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதுமே வீசிவிட்டாள். "உக்காருடா," என்றார். "இல்லலா மாமா, அடுத்த ஓடர் வந்துரும், சொல்லிட்டுப் போறேன்." உட்காரவும் செய்தான். அம்மாவுக்குக் கால் ரொம்ப மோசமாகிவிட்டது, டாக்டர் நிற்கவே கூடாது என்கிறார், அம்மாவை வேலையை விட்டு நிறுத்தினால் போதும், தனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பேசிக்கொண்டே போனான், பேசிக்கொண்டே கையை நனைத்து வாளியிலிருந்து ஓர் இறாலை எடுத்தான், முதுகில் இரண்டு விரல், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். "கறுப்புப் புள்ளிக்கு முன்னாடி, கரெக்டா மாமா?" கரெக்ட் என்று தலையாட்டினார். குத்தினான், இறாலுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாலை மடக்கி மடக்கி உதைத்தது.

போகாதடா. ஒரே சொல். சொல்வதற்கு முன்னால் விளக்கம்கூட வேண்டாம், போகாதடா என்று சொல்லிவிட்டால் ஏன் மாமா என்பான், அப்புறம் எல்லாம் தானாக வரும், கக்கூஸ், குழாய்ச் சத்தம், வலது கை, எல்லாம் இந்த மேடையிலேயே கொட்டிவிடலாம், பையன் திகைப்பான், பிறகு கையைப் பிடித்துக்கொள்வான், இரண்டு பேருமாகப் போலீசுக்குப் போகலாம், தனம் வீட்டில் இருந்து ஒரு பிள்ளையாவது... சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. பார்க்க வேண்டியதில்லை, யார் என்று தெரியும். லோகன் தூண்டிலை வீசிவிட்டுத் திரும்பினான், கண்ணெல்லாம் ஆசை. சபாபதி வாயைத் திறந்தார்.

"பாஸ்போர்ட் இருக்காடா?"

"இருக்கு மாமா! போன மாசமே எடுத்து வச்சுட்டேன்." பையன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "போன்ல மச்சானா? எடுங்க மாமா, நானும் ரெண்டு வார்த்தை பேசுறேன்."

போன் நெஞ்சின் மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. கேட்டது யார், வாய் அவருடையதுதான், ஆனால் குரல் எவ்வளவு நன்றாக இருந்தது, நடுக்கம் இல்லை, பாசமாக, கொஞ்சம் அதிகமாகவே நன்றாக, இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது, வாராவாரம் கேட்டிருக்கிறார், நல்லா இருக்கேன்ப்பா, வேலை ஈசிப்பா... ஆனால் செல்வம் அப்படிப் பேசியபோது அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நின்றான். சபாபதி மெல்லத் திரும்பிப் பார்த்தார். துருப்பிடித்த கம்பி இருந்தது, வாளி இருந்தது, பம்பு குமிழ் விட்டுக்கொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை.